நிறுத்தி வைத்த ஊசி

தண்டல் செபாஸ்டின் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு டாக்டர் எமில்டா போனது விருந்து சாப்பிடத்தான். சனிக்கிழமை காலை தானே காரை ஓட்டிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து கிளம்பி, உப்பளங்களையும் திருச்செந்தூரையும் தாண்டிப் பெரியதாழைக்குப் போய்ச் சேர்ந்தாள். மாப்பிள்ளை வீடு அந்த ஊர். கோயிலை ஒட்டிய மண்டபத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள்; குழாய் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. நோயாளிகள் வீட்டு விசேஷங்களுக்கு அவள் போகிற வழக்கமில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் வந்திருந்தாள். இந்த மனிதர் தன் மகள் நிச்சயத்தைப் பார்க்க உயிரோடு இருக்கமாட்டார் என்று அந்த வருட ஆரம்பத்தில் அவளே மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

செபாஸ்டின் தோணியில் தண்டலாக இருந்தவர். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிக்குத் தலைவர். இடது குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தபோது, ஏதோ முள் குத்தி உள்ளே முறிந்துவிட்டது என்று நினைத்துச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இரண்டு வருடம் கடலில் சுற்றினார். புள்ளி புண்ணானது. தொடையிடுக்கில் கட்டிகள் எழும்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தோல் புற்று. அதிலும் மோசமானது, மெலனோமா.

அந்தப் புற்றைத்தான் எமில்டா பத்து வருடமாகத் துரத்திக்கொண்டிருந்தாள். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்; மகள் சென்னையில் மருத்துவம் படித்து, வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்துவிட்டு, சொந்த ஊர்ப் புற்றுநோய் மருத்துவமனைக்கே திரும்பி வந்தவள். காலையில் நோயாளிகள், மத்தியானத்துக்கு மேல் ஆய்வுக்கூடம். உடம்பின் எதிர்ப்புச் செல்களுக்கு ஒரு பிரேக் உண்டு. புற்று அந்தப் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பிழைத்துக்கொள்கிறது. பிரேக்கை விடுவிக்கும் மருந்து ஏற்கெனவே வந்துவிட்டது. வெயில் பட்டு வெள்ளைக்காரர்களுக்கு வரும் மெலனோமாவுக்கு அது நன்றாகக் கேட்கிறது. நம் ஜனங்களுக்கு உள்ளங்காலிலும் நகக்கண்ணிலும் வருவது வேறு ஜாதி. அது அந்த மருந்துக்கு லேசில் மசியாது. அதனால் எமில்டா கூடவே இன்னொரு ஊசியைச் சேர்த்தாள். கட்டிக்குள்ளேயே நேராகப் போடுகிற புது ஊசி. எதிர்ப்புச் செல்களை அந்த இடத்துக்கு இழுத்து வருவது அதன் வேலை. முறைப்படி அனுமதி வாங்கி, பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து நடந்துகொண்டிருந்த சோதனை அது.

பெரும்பாலோருக்கு ஒன்றும் நடக்கவில்லை. செபாஸ்டினுக்கு நடந்தது. மூன்றாவது ஊசிக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் கட்டிகள் இருந்த இடம் தெரியவில்லை. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எமில்டா காட்டியபோது, அந்தப் பெரிய மனிதர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவளுக்கும் கண் கலங்கியது. நான்காவது ஊசியும் போட்டாயிற்று. அந்தப் படங்களை அடுத்த மாதம் ஒரு பெரிய மாநாட்டில் காட்டப் போவதாக இருந்தது.

"வாங்க, வாங்க டாக்டரம்மா! ஏளா பிளாரன்ஸு, யாரு வந்திருக்காகன்னு பாரு!"

மண்டப வாசலில் செபாஸ்டின் பட்டு வேட்டியும் கூலிங் கிளாஸுமாக நின்றார். குரல் மூக்கால் வந்தது. ஜலதோஷம் போலிருக்கிறது என்று எமில்டா நினைத்துக்கொண்டாள்.

"என்ன தண்டல், கண்ணாடியெல்லாம் ஜோரா இருக்கு?"

"மவ வாங்கித் தந்தா. வெயிலு கண்ணக் கூசுதுல்லா."

மண்டபத்துக்குள் வெயில் இல்லை. ஆனாலும் அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. சாமியார் வந்து ஜெபம் சொல்லி, மோதிரம் மாற்றி, எல்லோரும் கை தட்டும் வரை எமில்டாவுக்கு அது உறைக்கவில்லை. செபாஸ்டின் முன்வரிசையில் தாடைக்குக் கை கொடுத்து உட்கார்ந்திருந்தார். கையை எடுத்தால் தலை முன்னால் சரிந்தது. மறுபடி கை கொடுத்தார். பார்க்கிறவர்களுக்கு மகளை நினைத்து யோசனையில் இருக்கிற அப்பா மாதிரித் தெரிந்தது.

பந்தியில் அவளுக்கு எதிரே உட்காரவைத்தார்கள். பிரியாணியை அவர் தொடவில்லை. சோற்றில் ரசத்தை விட்டுக் குழையப் பிசைந்து இரண்டு வாய் மென்றார். பிறகு களைத்துப்போனவர் மாதிரி நிறுத்தினார். தண்ணீர் குடித்தபோது அது மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. துண்டால் சட்டென்று துடைத்துக்கொண்டு, யாரும் பார்த்தார்களா என்று தலையைத் திருப்பினார்.

எமில்டா இலையை விட்டு எழுந்தாள். கையைக்கூடக் கழுவவில்லை.

"தண்டல், கொஞ்சம் இப்படி வாங்க."

மண்டபத்துக் குசினியை ஒட்டி அண்டாக்கள் அடுக்கிய ஓர் அறை. அங்கே அவரை ஒரு மர ஸ்டூலில் உட்கார வைத்து, கண்ணாடியை அவளே கழற்றினாள். இரண்டு இமைகளும் பாதிக் கண்ணுக்குத் தொங்கிக்கொண்டிருந்தன.

"மேல பாருங்க. என் விரலப் பாருங்க. அப்படியே வைங்க."

சில நொடிகூட அவரால் வைக்க முடியவில்லை. நாடியைப் பிடித்தாள். மெதுவாக ஓடியது, இடையிடையே ஒரு துடிப்பு வராமலே போனது.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

கதவோரம் வந்து நின்ற அவர் மனைவி பிளாரன்ஸ்தான் உடைந்தாள்.

"பத்து, பதினஞ்சு நாளா இருக்கும் டாக்டரம்மா. மொதல்ல கண்ணு. பொறவு சாப்பிட முடியல. மாடி ஏறுனா மூச்சு வாங்குது. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு மாதா மேல சத்தியம் வாங்கிட்டாக. நான் என்ன செய்ய?"

"போன வாரம் நர்ஸ் போன் பண்ணிக் கேட்டாங்களே? ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே?"

"சொன்னா நிறுத்திருவீய," என்றார் செபாஸ்டின். வார்த்தைகள் குழறின. "என்கூட ஊசி போட்ட ஞானையாவ நிறுத்துனியள்லா? ஈரல்ல வீக்கம்னு அவன எடுத்து விட்டிய. ரெண்டு மாசத்துல போயிச் சேந்தான். நீங்கதான டாக்டரம்மா சொன்னிய, 'தண்டல், நீங்க ஒருத்தரு கடைசி வரைக்கும் நின்னுட்டா நான் ஜெயிச்சிருவேன்'னு? நான் நிக்கேன்."

எமில்டாவுக்கு ஞாபகம் வந்தது. ஆமாம், சொல்லியிருந்தாள். ஸ்கேன் பார்த்த அன்று, சந்தோஷத்தில், அவர் தோளைத் தட்டிச் சொன்ன வார்த்தை அது. சொல்லிவிட்டு மறந்தும் போயிருந்தாள். அவரோ அதைப் பிடித்துக்கொண்டு வீட்டிலேயே இத்தனை நாளும் நின்றிருக்கிறார்.

"இப்பவே கிளம்பணும். இருதயத்துலயும் வீக்கம் வந்திருக்கும்னு பயப்படுறேன்."

"பந்தி முடியட்டும். சம்பந்தக்காரங்க என்ன நெனைப்பாக?"

"மோதிரம் மாத்தியாச்சு தண்டல். எந்திரிங்க."

பின்வாசல் வழியாகவே அழைத்துப் போனார்கள். பிளாரன்ஸ் பின் இருக்கையில் அவர் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள். ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பதைவிட இது சீக்கிரம் என்று எமில்டாவே ஓட்டினாள். திருச்செந்தூர்க் கூட்டத்தில் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. போகிற வழியிலேயே ஆஸ்பத்திரிக்குப் பேசி, இருதய டாக்டரை வரச் சொல்லி, படுக்கை ஒழுங்கு செய்தாள். காயல்பட்டினம் விலக்கைத் தாண்டும்போது அவளுக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. அந்த ஊரில் ஆமிரா என்று ஒருத்தி, அன்றைக்குப் போடப்போகும் முதல் ஊசிக்காகக் காத்திருக்கிறாள். எமில்டா அந்த நினைப்பைத் தள்ளிவிட்டு வண்டியை விரட்டினாள்.

ஆஸ்பத்திரியில் எடுத்த ஈ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் அவள் பயந்ததையே சொல்லின. கட்டியைத் தின்ற அதே செல்கள், கட்டி தீர்ந்த பிறகு இருதயத் தசையைத் தின்னத் தொடங்கியிருந்தன. கண் இமையும் கழுத்தும் தொண்டையும் அதே கதைதான். சாயங்காலத்துக்குள் ஒருமுறை இருதயம் நின்று, மறுபடி ஓடியது. தற்காலிக பேஸ்மேக்கர் வைத்தார்கள். நிறைய ஸ்டீராய்டு ஏற்றினார்கள். ஸ்டீராய்டு அந்தச் செல்களைத் தூங்கவைக்கும். அவை தூங்கினால் புற்று திரும்பி வரலாம். வந்தால் வரட்டும் என்று அந்த உத்தரவை எமில்டாவே எழுதினாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே புற்றுநோய்ப் பிரிவின் தலைவர் டாக்டர் ஃபிராங்க்ளின் வந்து நின்றார். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். இந்தச் சோதனைக்கு அனுமதி கிடைக்க அவளோடு சேர்ந்து அலைந்தவர்.

"எமில்டா, ஸ்டடிய மேற்பார்க்குற கமிட்டிக்கு எப்ப ரிப்போர்ட் பண்ணப் போறீங்க?"

"இப்பவே சார்."

"கொஞ்சம் யோசிங்க. நீங்க இத அனுப்பினதும் ஸ்டடிய நிறுத்திருவாங்க. யாருக்கும் புது ஊசி போட முடியாது. அந்தக் காயல்பட்டினத்துப் பொண்ணுக்குத் திங்கட்கிழமை காலைல டோஸ். ஹார்ட் பயாப்ஸி ரிசல்ட் எப்படியும் திங்கட்கிழமைதான். அது கன்ஃபர்ம் ஆனபிறகு மத்தியானம் அனுப்பினா யாரும் உங்களக் குத்தம் சொல்ல முடியாது."

"எனக்கு இப்பவே தெரியுமே சார்."

"தெரியுறது வேற, கன்ஃபர்ம் ஆகுறது வேற. நீங்களே மீட்டிங்ல சொல்றதுதான் அது." அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணுக்கு வேற வழி இல்ல எமில்டா. முப்பத்திநாலு வயசு. நான் உங்களுக்காகப் பேசல. அவளுக்காகத்தான் பேசுறேன்."

அது பொய்யில்லை என்று எமில்டாவுக்குத் தெரியும். ஆமிரா காயல்பட்டினத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வலது கட்டைவிரல் நகத்துக்கடியில் கறுப்புக் கோடு. வேறோர் ஊரில் விரலையே எடுத்துவிட்டார்கள். இடது கையால் கரும்பலகையில் எழுதப் பழகிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதற்குள் அக்குளில் கட்டிகள். மஸ்கட்டில் இருந்த கணவன் நௌஃபல் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டான்.

எமில்டா தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திங்கட்கிழமை ஊசி போட்டுவிடலாம். போட்டுவிட்டு ஆமிராவைப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். தினம் ரத்தம் எடுக்கலாம், தினம் கேட்கலாம். என்னவென்று கேட்பது? செபாஸ்டினிடமும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்கள்? போன தடவை பார்த்தபோதே அவர் குரல் மாறியிருந்ததோ என்று இப்போது சந்தேகமாக இருந்தது. இருந்திருக்கும். நல்ல சேதிக்காகவே காதைத் தீட்டிக்கொண்டிருந்தவளுக்கு அது கேட்டிருக்காது. ஆமிராவும் இமை தொங்கினால் மறைப்பாள். தண்டலுக்குக் குணமான கதை அவளுக்கும் தெரியும், எமில்டாவே சொன்னதுதான். தான் கேட்கிற கேள்விமீதே அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது.

இருட்டுவதற்கு முன்பே ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டாள். மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. அடுத்த உத்தரவு வரும்வரை யாருக்கும் புது ஊசி கிடையாது.

ஞாயிறு மாலையே போனில் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. திங்கட்கிழமை காலை ஆமிராவும் நௌஃபலும் வந்தார்கள். ஆமிரா கறுப்புப் புர்காவில், மடியில் ஒரு துணிப்பை. ஆஸ்பத்திரியில் தங்கத் தேவையானதெல்லாம் எடுத்து வந்திருந்தாள். எமில்டா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். செபாஸ்டின் பெயரைச் சொல்லவில்லை. ஒருவருக்கு இருதயத்தில் வீக்கம், உயிருக்குப் போராடுகிறார், அதனால் நிறுத்தி வைத்திருக்கிறது என்றாள்.

"ஒருத்தருக்கு வந்தா இவளுக்கும் வரணுமா டாக்டர்?" என்றான் நௌஃபல்.

"வரணும்னு இல்ல. வராதுன்னும் என்னால சொல்ல முடியல."

"அவருக்குக் கட்டி கரைஞ்சிச்சா இல்லையா? அதச் சொல்லுங்க."

"கரைஞ்சது."

"அப்ப போடுங்க. எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க. என்ன ஆனாலும் ஒங்களக் கேக்க மாட்டோம். அவ வாப்பாவ வரச் சொல்லுறேன், அவுகளும் போடுவாக."

"அப்படிப் போட எனக்கு அனுமதி இல்ல நௌஃபல்."

"மருந்து இருக்கா இல்லையா? இந்தக் கட்டடத்துலதான இருக்கு?"

இருந்தது. கீழ்த்தளத்துக் குளிர்பெட்டியில், ஆமிராவுக்கென்றே எண் ஒட்டி. எமில்டா இல்லையென்று சொல்லவில்லை. நௌஃபல் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். தோள்கள் குலுங்கின.

ஆமிரா மடியிலிருந்த பையைக் கீழே வைத்தாள். பிறகு, "அந்த ஆளு பொழைச்சிருவாரா டாக்டர்?" என்று கேட்டாள்.

"இன்னும் சொல்ல முடியாதும்மா."

"அவுகளுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"ஒரு பொண்ணு. சனிக்கிழமைதான் நிச்சயம் முடிஞ்சது."

"அல்லாவே," என்றாள் ஆமிரா. நௌஃபலின் பக்கம் திரும்பி, "மச்சான், உக்காருங்க. டாக்டர் வச்சுக்கிட்டு இல்லங்கல. அவுக கை கட்டிக் கெடக்கு," என்றாள். எமில்டாவுக்கு நௌஃபலின் கோபத்தையாவது தாங்கிக்கொள்ளலாம், இந்தப் பொறுமையைத் தாங்க முடியாது போலிருந்தது.

புது ஊசி இல்லாமல், ஏற்கெனவே கடைகளில் கிடைக்கும், பிரேக்கை விடுவிக்கிற பழைய மருந்தை மட்டும் அன்றைக்கே ஆமிராவுக்கு ஏற்றினார்கள். அது நம்மவர்களுக்கு அதிகம் கேட்காது என்று எமில்டாவைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தச் சீமையில் யாரும் இல்லை. ஆனாலும் ஏற்றினாள்.

அதற்குப் பிறகு மழைக்காலம் வந்தது. தூத்துக்குடித் தெருக்களில் தண்ணீர் கட்டிக் கிடந்தது. கமிட்டி ஒவ்வொரு நோயாளியின் ரத்தத்தையும் மறுபடி பார்க்கச் சொன்னது. எமில்டா மாநாட்டுக்குப் போகவில்லை. வாரம் ஒருமுறை கூட்டம், கேள்விகள், பதில்கள். புது விதிகளை அவளே எழுதினாள்: வாரந்தோறும் இருதயத்துக்கான ரத்தப் பரிசோதனை, நோயாளியை மட்டுமல்லாமல் வீட்டில் இருப்பவரையும் தனியாகக் கேட்பது, ஊசி நிறுத்தப்பட்டாலும் வைத்தியம் நிற்காது என்று முதல் நாளே சொல்லிவிடுவது. கடைசி விதியை எழுதும்போது ஞானையாவின் முகம் வந்து நின்றது. அவருக்கு வைத்தியம் நிற்கவில்லை. ஆனால் நின்றுவிட்டதாகத்தான் அவரும் ஊரும் நினைத்தார்கள். அதை மாற்றிச் சொல்ல அப்போது அவளுக்கு நேரம் இருந்திருக்கவில்லை.

செபாஸ்டின் பிழைத்தார். மூன்று வாரம் படுக்கையில் கிடந்து, இமை மெல்ல மெல்லத் தூக்கி, பேச்சுத் தெளிந்து, பிளாரன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். இனி தோணி ஏற முடியாது. இருதயம் பாதி பலத்தில்தான் ஓடியது. ஆனால் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவ்வளவு ஸ்டீராய்டுக்குப் பிறகும் புற்று திரும்பவில்லை. டிசம்பரில் எடுத்த ஸ்கேனும் சுத்தமாக இருந்தது.

ஆமிராவின் ஸ்கேன் அப்படி இல்லை. அக்குள் கட்டி பெருத்தது. நுரையீரலில் புள்ளிகள் தெரிந்தன. எமில்டா கமிட்டிக்குத் தனியாக எழுதினாள், போனில் மன்றாடினாள். அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்போம் என்றார்கள். அவர்கள்மீதும் குறை சொல்ல முடியாது. அவசரப்படாமல் இருப்பதற்காகவே அவர்கள் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், காயல்பட்டினத்து வீட்டில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த ஆமிராவுக்கு வலிப்பு வந்தது. மூளைக்குள் ஒரு கட்டி இருந்து, அதில் ரத்தம் கசிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தபோது நினைவில்லை. மறுநாள் சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால் இறந்துபோனாள்.

சோதனையை மறுபடி தொடங்கலாம் என்று உத்தரவு வந்தது ஜனவரி முதல் வாரத்தில். ஃபிராங்க்ளின் அந்தச் செய்தியைச் சொல்ல அவள் அறைக்கு வந்தார். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் அன்னைக்குச் சொன்னதக் கேட்டிருந்தா..." என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இல்ல. கேட்டிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்னு யாருக்குத் தெரியும். சாரி எமில்டா."

"நீங்க சொல்லாட்டாலும் நான் தினமும் அதத்தான் சார் நெனச்சுக்கிட்டு இருக்கேன்," என்றாள் எமில்டா.

அதே வாரம் செபாஸ்டினும் பிளாரன்ஸும் பரிசோதனைக்கு வந்தார்கள். மகள் கல்யாணத்துக்குத் தேதி குறித்தாயிற்று என்று பத்திரிகை கொடுத்தார்கள். செபாஸ்டின் மெலிந்திருந்தார், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. "ஒங்களாலதான் டாக்டரம்மா இந்தக் கல்யாணத்த நான் பாக்கப் போறேன்," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எமில்டா சிரித்தாள், வாழ்த்தினாள். அவர்கள் போனபிறகு கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள்.

நௌஃபல் வந்தது பிப்ரவரியில். முன்கூட்டிச் சொல்லாமல், ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது. எமில்டா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். தேநீர் வேண்டாம் என்றான்.

"ஒரு விஷயம் கேக்கணும் டாக்டர். நேரா பதில் சொல்லணும். அந்தத் திங்கட்கிழமை ஊசி போட்டிருந்தா ஆமிரா இருந்திருப்பாளா?"

இந்தக் கேள்விக்காக அவள் எத்தனையோ பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். ஐந்து பேரில் ஒருவருக்குக்கூடக் கேட்காத மருந்து, மூளைக் கட்டி அப்போதே இருந்திருக்கலாம், இருதயம் போயிருக்கலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அவன் முகத்துக்கு நேரே எதுவும் பதிலாகவில்லை.

"எனக்குத் தெரியல நௌஃபல். இருந்திருக்கலாம். அநேகமா இருந்திருக்க மாட்டாங்க. ஆனா இருந்திருக்கலாம்."

நௌஃபல் தலையை ஆட்டினான். "இல்லன்னே சொல்லுவீகன்னு நெனச்சேன். எல்லாரும் அப்படித்தான் சொல்லுறாக. கலா கத்ரு, அல்லா எழுதுனதுங்கிறாக. இருக்கட்டும்." பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "இன்னொண்ணு. அவ கட்டைவெரல எடுத்தப்ப, அத வாங்கி வந்து எங்க மையவாடியில அடக்கினோம். ஒடம்புல உள்ளது மண்ணுக்குத்தான் போவணும். நீங்க டெஸ்டுக்குன்னு அக்குள்ள இருந்து எடுத்த சதை இன்னும் இங்க இருக்கா?"

"இருக்கு."

"அத எங்கக்கிட்ட தரணும்."

எமில்டா அந்தச் சதையில் ஒரு பகுதியை மெழுகில் பதித்து வைத்திருந்தாள். இன்னொரு பகுதியிலிருந்து செல்களைப் பிரித்துக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்துக்கொண்டிருந்தாள். நம்மவர்களின் இந்த வகை மெலனோமா குப்பியில் வளர்வது அபூர்வம். பத்து வருடத்தில் அவளிடம் இருமுறைதான் வளர்ந்திருக்கிறது. மருந்துக்கு ஏன் மசியவில்லை என்பதற்குப் பதில் அதில் இருக்கக்கூடும். ஆமிரா ஒப்புதல் கொடுத்துத்தான் எடுத்தது. வேண்டுமானால் சட்டத்தைக் காட்டி மறுக்கலாம்.

"தரேன்," என்றாள். "ஆனா அதுல ஒண்ணு உங்களுக்குத் தெரியணும். ஒரு பங்கு மெழுகுல இருக்கு, அது அசையாது. இன்னொரு பங்கு உயிரோட இருக்கு. வளந்துக்கிட்டு இருக்கு."

நௌஃபல் நிமிர்ந்தான். "உயிரோடன்னா?"

"கட்டியோட செல்கள். தீனி போட்டா பெருகும்."

"நான் பாக்கலாமா?"

அவள் அவனுக்குக் கையுறையும் மேலங்கியும் கொடுத்து உள்ளே அழைத்துப் போனாள். அடைகாக்கும் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அவன் கண்ணுக்கேற்பத் திருகினாள். நௌஃபல் குனிந்து பார்த்தான். மங்கலான வெளிச்சத்தில் நீள நீளமாய்ச் செல்கள், சிலவற்றில் கறுப்புத் துகள்கள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. அவன் மூச்சு கண்ணாடியில் படிந்தது.

"இது அவளா?" என்றான் கடைசியில், தலையைத் தூக்காமலே. "இல்ல, அவளக் கொன்னதா?"

"அவங்க உடம்புல இருந்து வந்தது. ஆனா கொன்னது இதுதான்."

"அவ மண்ணுக்குள்ள. இது இங்கன தின்னுட்டுக் கொழுத்துக் கெடக்கு."

அவன் நிமிர்ந்து கண்களைத் துடைத்தான். கையுறையோடு துடைத்ததில் முகம் சிவந்தது.

"மெழுகுல இருக்கத மட்டும் தாங்க. அது அவளோடது. அவ உம்மா கேக்குறாக. இத நான் கொண்டுபோயி அவ பக்கத்துல வைக்க மாட்டேன்." குப்பியைச் சுட்டிக் காட்டினான், தொடவில்லை. "இத வச்சிக்கிட்டு என்ன செய்வீக?"

"எதுக்குச் சாகுதுன்னு பாப்பேன். ஒவ்வொண்ணாப் போட்டுப் பாப்பேன்."

"எவ்வளவு நாள் ஆவும்?"

"தெரியாது. வருஷக்கணக்கா ஆகலாம். ஒண்ணும் கிடைக்காமலும் போகலாம்."

"ஒங்களுக்கு எதுவுமே தெரியாதா டாக்டர்?" என்றான் நௌஃபல். கோபமாகக் கேட்டதா, வெறுத்துப்போய்க் கேட்டதா என்று எமில்டாவுக்குப் புரியவில்லை.

மெழுகுக் கட்டியை ஒரு சின்ன டப்பாவில் வைத்து, மேலே வெள்ளைத் துணி சுற்றிக் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். சலாம் சொல்லவில்லை. வாசல்வரை கூடவே போனாள். வெளியில் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் புழுதி கிளப்பிப் போய்க்கொண்டிருந்தன. நௌஃபல் டப்பாவைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, சாலையைக் கடந்து, திருச்செந்தூர் பஸ்ஸுக்காக நிற்கிற கூட்டத்தோடு போய் நின்றான்.

அவன் பஸ் ஏறும்வரை பார்த்துவிட்டு எமில்டா உள்ளே திரும்பினாள். மறுநாள் புதிதாக ஒரு நோயாளி வருவதாக இருந்தது. பெரியதாழையிலிருந்து, மீன் விற்கிற பெண், உள்ளங்காலில் கறுப்புப் புண். கூடவே வீட்டில் உள்ள ஒருவரையும் கட்டாயம் அழைத்து வரச் சொல்லும்படி நர்ஸுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தாள். போனை எடுத்து இன்னொரு தரம் சொன்னாள்.